குலுக்காத பெட்டி: பிறந்தநாளைச் சீட்டுப்போட்ட ஒரு போரின் கதை

ஒரு பையில் ஒரே அளவான 3 சிவப்புப் பந்துகளும் 2 வெள்ளைப் பந்துகளும் இருக்கின்றன. எழுமாறாக ஒரு பந்து எடுக்கப்படுகிறது. அது சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

சாதாரணதரம் படித்த எல்லாருக்கும் விடை தெரியும், 3/5. கணக்குச் செய்யேக்க 3, 2, 5 என்ற எண்களைத்தான் நாங்கள் கவனிப்போம். "எழுமாறாக" என்ற சொல்லை வாசித்துவிட்டுக் கடந்து போய்விடுவோம். பரீட்சையில் அதனால் ஒரு நட்டமும் இல்லை. எழுமாறாக எடுத்தார்கள் எண்டு வினாத்தாளே சொல்லிவிட்டது, நாங்கள் நம்பினால் போதும்.

ஆனால் நிஜத்தில், அந்தப் பையை யாராவது ஒருவர் கையால் குலுக்க வேண்டும். 1969ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் ஒரு பெட்டியைச் சரியாகக் குலுக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்தவை பிறந்த திகதிகள். முதலில் வெளியே வந்த திகதிகளில் பிறந்த இளைஞர்களுக்குப் படைக்கு வரச்சொல்லிக் கடிதம் போனது.

சீட்டுப் போடும் யோசனை எப்படி வந்தது?

1969இல் வியட்நாமில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். விரும்பிச் சேர்ந்தவர்கள் மட்டும் போதாததால், அமெரிக்காவில் கட்டாய ஆட்சேர்ப்பு நடந்துகொண்டிருந்தது. யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதை ஊருக்கு ஊர் இருந்த ஆட்சேர்ப்புச் சபைகள் தீர்மானித்தன. வயதில் மூத்தவர்களை முதலில் கூப்பிடுவது நடைமுறை. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு ஒத்திவைப்புக் கிடைத்தது. மருத்துவக் காரணம், தொழில், குடும்ப நிலைமை என்று வேறு வழிகளும் இருந்தன.

இந்த வழிகள் எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. காசும் படிப்பும் உள்ள வீட்டுப் பெடியனுக்குக் கதவு இலகுவாகத் திறந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பின இளைஞர்களும் அதிகமாகப் பிடிபடுகிறார்கள் என்ற கோபம் நாடு முழுக்க இருந்தது. ஒவ்வொருவரும் 26 வயது வரை, எப்போது கடிதம் வரும் எண்டு தெரியாமல் காத்திருக்க வேண்டியும் இருந்தது.

ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சனின் அரசாங்கம் இதற்குச் சொன்ன தீர்வுதான் சீட்டு. ஆளைப் பார்க்காமல் பிறந்தநாளைப் பார்த்து எடுப்பது. பணம், செல்வாக்கு, நிறம் ஒன்றும் உள்ளே வராது, எல்லாருக்கும் சமவாய்ப்பு. கேட்க நியாயமாகத்தானே இருக்கு? அதற்காகச் சட்டத்தை 1969 நவம்பர் 26இல் திருத்தினார்கள். சரியாக ஐந்து நாள் கழித்து, டிசெம்பர் 1ஆம் திகதி இரவு, வோஷிங்டனில் சீட்டு எடுக்கப்பட்டது.

டிசெம்பர் 1, இரவு

ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம். அதற்குள் 366 நீல நிறப் பிளாஸ்டிக் கப்சூல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு திகதி எழுதிய கடதாசித் துண்டு. பெப்ரவரி 29உம் சேர்ந்ததால்தான் 366. சீட்டு, 1944 ஜனவரி 1 முதல் 1950 டிசெம்பர் 31 வரை பிறந்த ஆண்களுக்கானது. அதாவது அன்றைக்கு ஏறத்தாழ 19 முதல் 25 வயது வரையானவர்கள்.

முதல் கப்சூலை எடுத்தவர் அலெக்ஸாண்டர் பேர்னி என்ற காங்கிரஸ் உறுப்பினர். வந்த திகதி செப்டெம்பர் 14. அதற்கு இலக்கம் 1. மிச்சத்தை எடுக்க இளைஞர் ஆலோசனைக் குழுக்களைச் சேர்ந்த இளம் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாவது ஏப்ரல் 24, மூன்றாவது டிசெம்பர் 30, நான்காவது பெப்ரவரி 14. இப்படியே போய், கடைசியில் 366ஆவதாக வந்தது ஜூன் 8. இது தொலைக்காட்சியிலும் வானொலியிலும் நேரடியாகப் போனது. விடுதிகளிலும் வீடுகளிலும் இளைஞர்கள் கூட்டமாக இருந்து தங்கள் பிறந்தநாளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிறிய இலக்கம் வந்தால் முதலில் கூப்பிடுவார்கள், பெரிய இலக்கம் வந்தால் பெரும்பாலும் தப்பலாம். இந்தச் சீட்டின்படி கடைசியாகக் கூப்பிட்ட இலக்கம் 195. அதற்கு மேல் வந்தவர்களைக் கூப்பிடவில்லை. டிசெம்பர் 31க்கு வந்த இலக்கம் 100. ஜனவரி 1க்கு வந்தது 305. 1949 டிசெம்பர் 31 இரவு 11.50க்குப் பிறந்த ஒருவரின் இலக்கம் கூப்பிடப்பட்டது. அதே ஆஸ்பத்திரியில் இருபது நிமிடம் பிந்திப் பிறந்தவரின் இலக்கம் கூப்பிடப்படவில்லை. சீட்டு என்றால் இப்படித்தான். இதை மட்டும் வைத்து அநியாயம் எண்டு சொல்ல ஏலாது.

இப்ப கணக்குக்கு வருவம்

சீட்டு எடுக்கேக்க எல்லாருக்கும் வருகிற முதல் சந்தேகம், முன்னுக்கு எடுபடுவதற்கும் பின்னுக்கு எடுபடுவதற்கும் வாய்ப்பு ஒரேயளவா என்பது. பந்துப் பைக்கே திரும்பிப் போவோம். 3 சிவப்பு, 2 வெள்ளை. ஒரு பந்தை எடுத்து, திரும்பப் போடாமல் இரண்டாவதை எடுக்கிறோம். இரண்டாவது பந்து சிவப்பாக இருக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது சிவப்பு, இரண்டாவதும் சிவப்பு: 3/5 × 2/4 = 6/20.
முதலாவது வெள்ளை, இரண்டாவது சிவப்பு: 2/5 × 3/4 = 6/20.

இரண்டையும் கூட்டினால் 12/20, அதாவது 3/5. முதல் பந்துக்கு வந்த அதே விடை! மரவரிப்படம் கீறினவர்களுக்கு இது பழைய விசயம். ஆனால் இதுக்குள்ள ஒரு பெரிய உண்மை இருக்கு. நன்றாகக் கலந்த பையில் எந்தப் பந்துக்கும் எந்த இடமும் ஒரேயளவு சாத்தியம். 366 திகதிகளுக்கும் இதே கதைதான். உங்கள் பிறந்தநாள் முதலாவதாக வர நிகழ்தகவு 1/366. இரண்டாவதாக வர, 365/366 × 1/365, அதுவும் 1/366. கடைசியாக வரவும் 1/366.

அப்படியெண்டால் முதல் 195 இடங்களில் ஒன்றில் உங்கள் திகதி விழ நிகழ்தகவு 195/366. ஏறத்தாழ 0.53. நாணயத்தைச் சுண்டுவதை விடக் கொஞ்சம் மோசம்.

இரண்டு நண்பர்களை எடுங்கோ. பிறந்த திகதி வேறு வேறு. இருவரும் கூப்பிடப்பட, 195/366 × 194/365, கிட்டத்தட்ட 0.28. இருவரும் தப்ப, 171/366 × 170/365, கிட்டத்தட்ட 0.22. மிச்சம் 0.50. அதாவது, ஒருவனைக் கூப்பிட்டு மற்றவனை விட்டுவிட அரைவாசி வாய்ப்பு. ஒரே தெருவில் வளர்ந்த, ஒரே வகுப்பில் இருந்த எத்தனையோ சோடிகளுக்கு அந்த இரவு இதைத்தான் செய்தது.

இந்தக் கணக்குகள் எல்லாம் சரி, பெட்டி நன்றாகக் கலந்திருந்தால்.

எண்கள் சொன்ன கதை

சீட்டு முடிந்து சில வாரத்துக்குள்ளேயே புள்ளிவிபரவியலாளர்கள் அந்தப் பட்டியலைக் கிண்டத் தொடங்கிவிட்டார்கள். 1970 ஜனவரித் தொடக்கத்தில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையிலேயே இது செய்தியாக வந்தது. அவர்கள் பார்த்தது மிகச் சாதாரண விசயம், ஒவ்வொரு மாதத்துக்கும் கிடைத்த இலக்கங்களின் சராசரி.

1 முதல் 366 வரை எண்களின் சராசரி 183.5. நேர்மையான சீட்டில் ஒவ்வொரு மாதமும் அதைச் சுற்றிக் கொஞ்சம் கூடிக் குறைந்து நிற்க வேண்டும். உண்மையில் வந்தது இது:

ஜனவரி 201.2
பெப்ரவரி 203.0
மார்ச் 225.8
ஏப்ரல் 203.7
மே 208.0
ஜூன் 195.7
ஜூலை 181.5
ஓகஸ்ட் 173.5
செப்டெம்பர் 157.3
ஒக்டோபர் 182.5
நவம்பர் 148.7
டிசெம்பர் 121.5

முதல் ஆறு மாதமும் சராசரிக்கு மேலே, கடைசி ஆறு மாதமும் கீழே. ஒன்றுகூட மாறவில்லை. ஆண்டின் முதல் பாதிக்குச் சராசரி ஏறத்தாழ 206, இரண்டாம் பாதிக்கு 161. டிசெம்பரின் 31 நாட்களில் 26 நாட்கள் 195க்குள் விழுந்தன. சமமாகப் பார்த்தால் 16 அல்லது 17 நாள்தான் விழுந்திருக்க வேண்டும். டிசெம்பரில் தப்பியவை 2, 12, 15, 17, 19 ஆகிய ஐந்து திகதிகள் மட்டும்.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் கை உயர்த்தலாம். "366 திகதிகளை எந்த ஒழுங்கில் அடுக்கினாலும் ஒவ்வொரு ஒழுங்கும் ஒரேயளவு சாத்தியம்தானே? இந்த ஒழுங்கு வந்தது. இதில என்ன பிழை?"

நல்ல கேள்வி. ஒவ்வொரு தனி ஒழுங்கும் சம சாத்தியம் என்பது உண்மை. ஆனால் நாங்கள் கேட்பது தனி ஒழுங்கைப் பற்றியல்ல. இரண்டு பாதிகளுக்கும் இடையில் 45 அளவு வித்தியாசம் தருகிற ஒழுங்குகள், மொத்த ஒழுங்குகளில் எத்தனை பங்கு? மிக மிகச் சிறிய பங்கு. நேர்மையாகக் குலுக்கிய பெட்டியிலிருந்து பத்தாயிரம் தடவை சீட்டு எடுத்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் ஒரு தடவை வருவதே சந்தேகம். ஒரு நாணயத்தை நூறு தடவை சுண்டி 95 தடவை தலை விழுந்தால், "எந்த வரிசையும் சாத்தியம்தானே" எண்டு சும்மா இருப்பீங்களா? நாணயத்தை வாங்கித் திருப்பிப் பார்ப்பீர்கள்.

அவர்களும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்கள்.

பெட்டிக்குள் என்ன நடந்தது?

ஆட்சேர்ப்புத் திணைக்களம் தானே சொன்ன விவரப்படி நடந்தது இதுதான். முதலில் ஜனவரியின் 31 கப்சூல்களை ஒரு மரப்பெட்டிக்குள் போட்டு, ஒரு மட்டையால் ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். மற்றப் பக்கம் பெப்ரவரியின் 29ஐக் கொட்டி, மட்டையால் தள்ளி ஜனவரியோடு சேர்த்தார்கள். பிறகு மார்ச். பிறகு ஏப்ரல். இப்படியே டிசெம்பர் வரை.

எண்ணிப் பாருங்கோ. ஜனவரிக் கப்சூல்கள் மற்ற மாதங்களோடு 11 தடவை கலக்கப்பட்டன. நவம்பர் இரண்டே தடவை. டிசெம்பர் ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு பெட்டியை மூடிச் சில தடவை ஆட்டினார்கள், படியேற்றி மேலே கொண்டுபோனார்கள், கண்ணாடிப் பாத்திரத்துக்குள் கொட்டினார்கள். பாத்திரத்துக்குள் போட்டபிறகு கிண்டவில்லை. எடுக்க வந்தவர்கள் பெரும்பாலும் மேலே இருந்ததைத்தான் எடுத்தார்கள். ஆண்டின் கடைசி மாதங்கள் பெரிதாகப் பிரியாமல் மேல்பக்கமே கிடந்தன.

இதில் சதி எதுவும் இல்லை. டிசெம்பரில் பிறந்தவர்கள்மேல் யாருக்கும் கோபமில்லை. அவசரமும் அக்கறையின்மையும் தான். கண்ணாடிப் பாத்திரம், கமரா, நேரடி ஒளிபரப்பு, முதல் சீட்டை எடுக்கக் காங்கிரஸ் உறுப்பினர் எண்டு எடுக்கும் காட்சிக்கு எல்லா ஏற்பாடும் நடந்தது. கலக்கும் வேலை கமராவுக்கு முன்னால் வரவில்லை. சீட்டின் நியாயம் முழுக்க அந்த வேலையில்தான் தங்கியிருந்தது.

"முன்கூட்டியே யாருக்கும் தெரியாதுதானே, அப்ப எல்லாருக்கும் சமம்தான்" என்று வாதிட்டவர்களும் உண்டு. பெட்டியை அடுக்கிய விதம் தெரியாதவரைக்கும் அது கொஞ்சம் சரி. ஆனால் சட்டம் வாக்குக் கொடுத்தது ஒவ்வொரு திகதிக்கும் சமவாய்ப்பு என்று. எங்களுக்குத் தெரியாமல் இருப்பதும் பெட்டி நேர்மையாக இருப்பதும் இரண்டு வேறு விசயங்கள்.

அடுத்த தடவை

முதல் சீட்டின் முடிவை மாற்றவில்லை. அந்த இலக்கங்களின்படியே ஆட்கள் கூப்பிடப்பட்டார்கள். ஆனால் 1970 ஜூலை 1ஆம் திகதி, 1951இல் பிறந்தவர்களுக்கு எடுத்த சீட்டில் முறையை மாற்றினார்கள். இந்தத் தடவை சுழலும் உருளைகள் இரண்டு. ஒன்றுக்குள் 365 திகதிகள், மற்றதுக்குள் 1 முதல் 365 வரை இலக்கங்கள். இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோடி சேர்த்தார்கள். உருளைக்குள் போடும் ஒழுங்கைக்கூட, தேசிய நியமப் பணியகம் எழுமாற்று எண்களை வைத்துத் தயாரித்துக் கொடுத்தது.

இரண்டு உருளை ஏன்? திகதிகள் சரியாகக் கலக்கப்படாமல் ஜனவரி முதல் டிசெம்பர் வரை வரிசையாகவே வந்தாலும், இலக்கங்கள் நன்றாகக் கலந்திருந்தால் போதும். ஒவ்வொரு திகதிக்கும் கிடைக்கும் இலக்கம் எழுமாறானதாகவே இருக்கும். ஒரு பக்கம் பிழைத்தாலும் மற்றப் பக்கம் காப்பாற்றும்.

புள்ளிவிபரவியலாளர் ஸ்டீபன் ஃபியன்பெர்க் 1971இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இந்த முழுக் கதையையும் ஆராய்ந்து எழுதினார். அதிலிருந்து இன்று வரை, எழுமாறு என்றால் என்ன எண்டு படிப்பிக்கும் பல்கலைக்கழகப் பாடங்களில் 1969 சீட்டு ஒரு நிரந்தர உதாரணம்.

சீட்டு விட்டுப்போன தடம்

ஒரு வேடிக்கையான விசயம், அந்தச் சீட்டே பிற்காலத்தில் ஆராய்ச்சிக்கு உதவியது. போருக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் சும்மா ஒப்பிட ஏலாது. போகிறவர்களும் போகாதவர்களும் ஏற்கெனவே வேறு வேறு மாதிரியானவர்கள். விரும்பிச் சேர்ந்தவரும் இருப்பார், வேறு வேலை கிடைக்காமல் சேர்ந்தவரும் இருப்பார். ஆனால் சீட்டு இலக்கம் ஒருவரின் குணத்தையோ வீட்டு வருமானத்தையோ பார்த்து வரவில்லை. ஆகவே சிறிய இலக்கம் வந்தவர்களையும் பெரிய இலக்கம் வந்தவர்களையும் ஒப்பிட்டால், போர் ஒரு மனிதனுக்குச் செய்ததைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1986இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வு இப்படித்தான் பார்த்தது. கூப்பிடப்பட்ட இலக்கங்கள் கிடைத்த திகதிகளில் பிறந்த ஆண்களிடையே, போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தற்கொலையாலும் வாகன விபத்துகளாலும் ஏற்பட்ட இறப்புகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. அந்தத் திகதிகளில் பிறந்த எல்லாரும் போருக்குப் போகவில்லை என்பதையும் நினைவில் வையுங்கோ. அப்படியிருந்தும் வித்தியாசம் தெரிந்தது. 1990இல் பொருளியலாளர் ஜோஷுவா அங்ரிஸ்ட், போருக்குப் போய்வந்த வெள்ளையின ஆண்கள் 1980களின் தொடக்கத்தில் போகாதவர்களைவிட ஏறத்தாழ 15 வீதம் குறைவாக உழைத்தார்கள் என்று காட்டினார். இப்படியான முறைகளுக்காக அவருக்கு 2021இல் நொபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

பெட்டிக்கு வெளியே

பெட்டியை ஒழுங்காகக் குலுக்கியிருந்தால் எல்லாம் நியாயமாகியிருக்குமா? இல்லை. நிகழ்தகவுக் கணக்கில் முதல் வேலை மாதிரிவெளியை எழுதுவது. யார் யார் பையுக்குள் இருக்கிறார்கள்? 1969இல் பல்கலைக்கழக மாணவர்களுக்கான ஒத்திவைப்பு அப்படியே இருந்தது. சிறிய இலக்கம் வந்தாலும் படிப்பைக் காட்டிக் கொஞ்சக் காலம் தள்ளிப்போடலாம். புதிதாகப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு அது நின்றது 1971இல்தான். ஆகவே 195/366 என்ற பின்னம் பட்டியலில் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாலும், வாழ்க்கையில் ஒன்றாக இருக்கவில்லை. பழைய சபைகளின் கதவுகளில் ஒன்றுக்குச் சீட்டு பூட்டுப் போடவே இல்லை.

வோஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அந்தப் போரில் இறந்த வியட்நாமியர்கள் அதைப்போலப் பல மடங்கு. குண்டு விழுந்த ஊர்களில் இருந்தவர்களுக்கு இலக்கமும் இல்லை, ஒத்திவைப்பும் இல்லை. யார் போவது எண்டு சீட்டுப் போட்டவர்கள், போர் வேணுமா எண்டு சீட்டுப் போடவில்லை. அமெரிக்காவில் கட்டாய ஆட்சேர்ப்பு 1973இல் நிறுத்தப்பட்டது.

சீட்டு எடுப்பது இன்றைக்கும் எங்களைச் சுற்றி நடக்கிற விசயம். வீட்டுச் சீட்டில் இந்த மாதம் யாருக்குக் காசு, விளையாட்டுப் போட்டியில் யார் யாரோடு மோதுவது, ஆட்கள் கூடி இடங்கள் குறைந்தால் யாருக்கு இடம் எண்டு எல்லாத்துக்கும் கடைசியில் ஒரு ரின்னுக்குள் துண்டைப் போட்டு எடுக்கிறோம். அப்படி எடுக்கிற இடத்தில் மூன்று கேள்வி கேட்கலாம். எல்லாருடைய துண்டும் உள்ளே இருக்கா? துண்டுகள் ஒரே அளவாக, ஒரே மாதிரி மடித்திருக்கா? ரின்னை யார், எவ்வளவு நேரம் குலுக்கினார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பின்னத்தைப் போட்டுக் கணக்குப் பாருங்கோ. இல்லாவிட்டால் முதலில் ரின்னை வாங்கி ஒருக்கா நல்லாக் குலுக்குங்கோ.